படலையில் கேளாத கேள்வி

தேங்காய் குடத்தில் இருக்கமாட்டன் என்று அடம்பிடித்தது. கமலாசனி அதை மூன்றாம் தரமும் தூக்கி, மாவிலைகளைக் கொஞ்சம் விரித்து, முடி மேலே பார்க்க வைத்துப் பார்த்தாள். அது ஒரு விநாடி நல்ல பிள்ளை மாதிரி நின்றுவிட்டுத் திரும்பவும் இடது பக்கம் சரிந்துகொண்டு போனது. கொழுப்பைப் பார் இதுக்கு. இல்லை, தேங்காயில் பிழையில்லை, கையில்தான் பிழை, கைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, எண்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு இந்தக் கை ஒரு நிறைகுடம் வைச்சதில்லை. மகள் ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக்கூட மச்சாள்தான் வைத்தாள், வீடு குடிபுகுந்தபோது ஐயரே வைத்துக்கொண்டார், இவள் ஒவ்வொரு முறையும் குசினிக்குள் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துவிடுவாள், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, சனத்துக்கு வேறை வேலை இல்லையோ. அப்ப இண்டைக்கு மட்டும் ஏன் ஓம் எண்டு சொன்னனி? பத்து நாளைக்கு முன்னம் சங்கத் தலைவர் குலசிங்கம் போன் எடுத்தபோது அடுப்பில் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. அந்த மனுசன் தங்கச்சி வதனியின் பேரைச் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார், ஐம்பத்தெட்டு வயசில் ஒரு ஆம்பிளை போனில் மூக்கை உறிஞ்சினால் இவள் என்னதான் செய்வாள், ஓம் தம்பி, செய்யிறன் தம்பி என்று சொல்லிவிட்டாள், கத்தரிக்காயும் கருகிப்போனது. இப்போது சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி, ஸ்காபரோ மண்டபத்தின் கண்ணாடிக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தரமும் பங்குனிக் குளிர் காலுக்குள் வந்து போகிறது, மூன்றரைக்கு ஜெனரல் வருகிறார், பிற நாடொன்றுக்குப் படை கொண்டுபோய் வந்த பெரிய மனுசன். தோளில் தொங்கும் கைப்பைக்குள் தங்கச்சியின் படம் இருக்கிறது. பையின் சிப்பை அவள் வீட்டிலிருந்து வந்த நேரம் தொடக்கம் ஐந்து தரம் இழுத்துப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, படம் கொண்டு வந்தனீங்களோ?" குலசிங்கம் கோட்டும் சூட்டுமாய் ஓடிவந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் ரை, கையில் மைக். "ஓம், பைக்குள்ளை கிடக்கு." "தாங்கோவன், மேடையிலை வைப்பம்." "பொறும் தம்பி, முதல் உந்தத் தேங்காயை இருத்துவம்." அவர் தேங்காயைப் பார்த்தார், அதற்கு ஒரு வழியும் தெரியாமல் மேடைப் பக்கம் போய்விட்டார். மேடை நடுவில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, குத்துவிளக்கு, அதற்குப் பின்னால் படம் வைக்க ஒரு தாங்கி, வெறுமையாய். அந்த வெறுமைக்குள்தான் வதனி நிற்கப்போகிறாள். ஜெனரல் விளக்கை ஏற்றுவாராம், படத்துக்குப் பூப் போடுவாராம், பிறகு திரும்பி நின்று, இந்தப் பெண்ணைக் காப்பாற்ற நாங்கள் போகவில்லை, சட்டம் எங்கள் காலைக் கட்டியது, இனி ஒரு நாட்டில் இப்படி நடக்க விடமாட்டோம் என்பாராம். இப்போது ரீவியில் சனம் சாகிறதாய்க் காட்டுகிற ஒரு நாடு இருக்கிறது, அந்த நாட்டுக்குள் படை போக வேண்டும் என்று இங்கேயே ஆயிரம் கையெழுத்து வாங்குவார்களாம். அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் என்ன தொடுப்பு என்று இவள் கேட்டபோது குலசிங்கம் சொன்னார், இண்டைக்கு அவைக்கு, நாளைக்கு எங்களுக்கு, ஒருக்கால் பாதை திறந்திட்டால் பிறகு மூடேலாது அக்கா. அவரும் பாவம். அவருடைய அண்ணனையும் கடைசி யுத்தத்தில் வதனி செத்த அந்தக் கடற்கரையில்தான் பறிகொடுத்தார். அந்த மனுசனில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் இவளுக்கு இன்னும் கரைச்சலாய் இருந்தது, கள்ளன் என்றால் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பாளே.

குடத்துக்குக் கீழே அரிசியைக் கொஞ்சம் குவித்தால் குடம் நேராய் இருக்கும், குடம் நேராய் இருந்தால் தேங்காயும் இருக்கும், அம்மா அப்படித்தான் செய்வா, வாழையிலையில் பச்சரிசி பரப்பி, நடுவில் உள்ளங்கையால் ஒரு குழி. கமலாசனி குந்தியிருந்து அரிசியை ஒதுக்கினாள், முழங்கால் ஒரு சத்தம் போட்டது. அண்டைக்கு இருபத்தொரு வயசு, முழங்கால் சத்தம் போடவில்லை. அண்டைக்கு இப்படி மண்டப வாசலுமில்லை கண்ணாடிக் கதவுமில்லை, வேலிக்கு நடுவில் திறந்து மூடுகிற தகரப் படலை, அதற்கு முன்னால் அம்மா மெழுகிய நிலம், இரண்டு பக்கமும் கிடுகு வேலி. அந்த வேலி. ஐயாவின் வேலி, அப்பாவை அவர்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவது. காலமை ஆரணி போன் எடுத்துக் கத்தியபோது இவளுக்கு முதலில் நினைவு வந்தது அந்த வேலிதான். அம்மா, நீங்கள் உந்தக் கூட்டத்துக்குப் போகப் போறியளோ, உங்களுக்கு விசரோ, ஐ.நா. சாசனத்திலை தெளிவா இருக்கு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள்ளை படையோடை போகக்கூடாது, தன்னை அடிச்சால் திருப்பி அடிக்கலாம், இல்லாட்டில் பாதுகாப்புச் சபை சொல்ல வேணும், வேறை வழி கிடையாது, உந்த மனுசன் போன முறை மூண்டு மாச வேலை எண்டு ஒரு நாட்டுக்குள்ளை போய்ப் பன்னிரண்டு வருசம் இருந்தவர். ஆரணி சட்டம் படித்தவள், கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள், ஐயாவின் இரத்தம் அப்படியே. ஐயாவும் சட்டம் சட்டம் என்றுதான் சீவித்தவர். பக்கத்து வளவுக்காரர் வேலியை ஒரு சாண் இங்காலே தள்ளி நட்டதற்கு ஒன்பது வருசம் வழக்காடிக் கோட்டுப் படி ஏறி இறங்கின மனுசன். ஒரு சாண். வேலிக்கு ஒரு பூவரசங் கதியால் நடுகிற இடம். ஊரே சிரித்தது, அம்மா தலையில் அடித்துக்கொண்டா, ஐயா அசையவில்லை, இண்டைக்கு ஒரு சாணை விட்டால் நாளைக்குக் கிணத்தடிக்கு வருவான் என்றார். கடைசியில் நீதவான் தானே காரில் வந்து, செருப்பைக் கழற்றாமல் வளவுக்குள் இறங்கி, கயிறு பிடித்து அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஐயா அந்தத் தீர்ப்பையும் காணி உறுதிப் பத்திரத்தையும் ஒன்றாய்ச் சுருட்டி, ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு, சாமியறையில் வைத்தார். யாழ்ப்பாணத்தானுக்கு எல்லை என்றால் என்னவென்று சாசனம் எழுதின ஆக்கள் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ஐயா, எல்லை எல்லை என்று உயிரை விட்ட ஐயா, அந்த வருசம் ஆனியில் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாட்டின் பிளேன்கள் ஒருவரையும் கேளாமல் வந்து வானத்திலிருந்து சாப்பாட்டுப் பொதி போட்டபோது முற்றத்தில் நின்று கை தட்டினார். சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். அவ்வளவு நாளும் குண்டு போட வரும் அரசாங்கத்துப் பொம்பரின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின சனம் அண்டைக்கு றோட்டில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. ஐயா, அவை எல்லை தாண்டி வந்திட்டினமே, வழக்கு வைக்கமாட்டீங்களோ என்று வதனி பகிடி விட்டாள், பதினைஞ்சு வயசு, வாய் காது வரைக்கும். ஐயா சொன்னார், எடி, வீடு பத்தி எரியேக்கை பக்கத்து வீட்டுக்காரன் வேலி பாய்ஞ்சு வந்து தண்ணி ஊத்தினால் அவனிலை வழக்கு வைக்கிறதோ? அது சரிதானே. இப்போது நினைத்தாலும் சரிதானே. கமலாசனி மாவிலைகளை ஒவ்வொன்றாய் நனைத்துத் துடைத்தாள், அந்தப் பேச்சில் எங்கே ஓட்டை என்று இத்தனை வருசமாய்த் தேடுகிறாள். பிளேன் வந்து இரண்டு மாதத்துக்குள் படையே வந்தது. அம்மா மெழுகினா, இவள் குடம் வைத்தாள், வதனி கோலம் போட்டாள், றோட்டால் வந்த பச்சை உடுப்புக்காரருக்கு ஊர் முழுக்க மாலை. ஒருத்தன், மீசை முளைச்சும் முளையாத வயசு, படலைக்கு வந்து தண்ணி கேட்டான், அம்மா தண்ணி கேட்டவனுக்கு மோர் கொடுத்தா. அவன் குடிக்கும்போது கமலாசனியின் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நின்றது. தம்பி, எப்ப போவியள்? ஏன் வந்தது என்று தெரியாது, வந்தது. வாய் திறக்க முன்னம் அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினா. வாசலுக்கு வந்த ஆக்களைப் பாத்து எப்ப போறீங்கள் எண்டு கேக்கிறதே, தரித்திரம், எங்கடை வீட்டிலை அப்படி ஒரு பழக்கம் இருக்கோ? இல்லை. ஒரு வீட்டிலும் இல்லை. போகிறவன்கூடப் போறன் என்று சொல்லமாட்டான், போட்டு வாறன் என்றுதான் சொல்லுவான். சொன்னால் அபசகுனம், கேட்டால் மரியாதைக் குறைவு. ஊர் முழுக்கக் குடம் வைத்தது, ஊரில் ஒரு சனம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்ன பண்பாடு, என்ன உபசாரம், நெருப்பிலை கொண்டுபோய்ப் போடு.

"அக்கா, மைக் வேலை செய்யுதோ எண்டு பாப்பம், வணக்கம் வணக்கம், கேக்குதோ?" ஒலிபெருக்கி கீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு இவளுடைய உடம்பு தன்பாட்டில் குனிந்தது. நாற்பது வருசம் ஆகப்போகுது, கனடாவில் முப்பத்திரண்டு, இன்னும் உடம்பு குனிகிறது, உடம்புக்கு ஆர் சொல்லுவினம் யுத்தம் முடிஞ்சுது எண்டு. ஐப்பசி மாதம், மழை இருட்டு, மோர்ச் செம்பு பிடிச்ச கைகளும் எங்கடை இயக்கத்துப் பெடியளின் கைகளும் ஒன்றை ஒன்று சுடத் தொடங்கின, ஆர் முதல் சுட்டது என்று ஆயிரம் கதை, அந்த ஆராய்ச்சி இவளுக்குத் தேவையில்லை, இவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அண்டைக்குக் காலமை ஒரு பெரிய இரும்பு வண்டி படலையால் வராமல் வேலியால் வந்தது. படலை திறந்துதான் கிடந்தது. பத்தடி தள்ளித் திறந்துதான் கிடந்தது. அது வேலியால் வந்தது, அந்த ஒரு சாணுக்கு மேலாலை, ஒன்பது வருச வழக்குக்கு மேலாலை, கதியால்கள் ஒவ்வொன்றாய் முறிகிற சத்தம் சாமியறை வரைக்கும் கேட்டது. எல்லாரும் நிலத்தில் படுத்துக் கிடந்தார்கள். ஐயா எழும்பினார். அம்மா வேட்டியைப் பிடித்தா, வேட்டி கையோடு வந்தது, ஐயா கொடியில் கிடந்த சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு பிஸ்கற் பேணியைத் திறந்தார். அட என்ர ஐயா. காணி உறுதியையும் நீதவானின் தீர்ப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, அதை உயர்த்திக் காட்டியபடி, இரும்பு வண்டியைப் பார்த்து நடந்து போனார். இது என்ரை வளவு, இஞ்சை பார் கடுதாசி, கோட்டு முடிச்ச கடுதாசி, படலையாலை வா எண்டுதானே சொன்னது என்று இங்கிலீசில் சொன்னார், நல்ல இங்கிலீசு, தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்த இங்கிலீசு. உலகத்தில் வேறை எந்தச் சனம் இரும்பு வண்டிக்கு உறுதி காட்டும்? எங்கடை சனந்தான் காட்டும். ஒரு வெடி, ஒரேயொரு வெடி. கடுதாசியை என்னவென்று நினைச்சாங்களோ. பிறகு அவங்களில் ஒருத்தன் அழுதான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியில் இருந்து அழுதான், அம்மாவுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான், அதையும் சொல்ல வேணும், சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டரை வருசம் கழித்து அவர்கள் வெளிக்கிட்டபோது அவன் படலைக்கு வந்து, படித்த தமிழில், போயிட்டு வரேன் அம்மா என்றான். அம்மா வாழ்நாளில் முதல்தரமாய் ஒருவருக்கு ஓம் போட்டு வா என்று சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

அப்ப ஆரணி சொல்கிறதுதான் சரி. எல்லை எல்லைதான், சட்டம் சட்டந்தான், ஆரும் ஆர் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது, முடிஞ்சுது கதை. கமலாசனி எழும்பி நின்றாள், தலை கொஞ்சம் சுற்றியது, பைக்குள் கை தன்பாட்டில் போனது, சட்டத்தின் விளிம்பு விரலில் பட்டது, கண்ணாடி போட்ட படச் சட்டம், குளிர்ந்து கிடந்தது. முடியேல்லையே கதை. ரெண்டாயிரத்து ஒன்பது மாசியில் இந்த நகரத்து நடு வீதியில், மூக்குத் தண்ணி உறைகிற குளிரில், ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு, வா, வந்து காப்பாத்து, ஆரெண்டாலும் வா என்று தொண்டை கிழியக் கத்தினது ஆர்? இவள்தான். ஐயாவைச் சுட்டவனையும் சேர்த்துக் கூப்பிட்டாள். ஓம், கூப்பிட்டாள், வெக்கமில்லாமல் கூப்பிட்டாள், அவன் வந்தாலும் பரவாயில்லை, பேய் வந்தாலும் பரவாயில்லை, கப்பலோடை வா, பிளேனோடை வா, வேலியாலை வா. ஒருத்தரும் வரவில்லை. உலகத்துப் பெரிய ஆக்கள் கவலை தெரிவித்தார்கள். கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள், பாத்துக்கொண்டிரு, நல்லாப் பார், படம் ஓடுது பார். அந்த நாட்டின் இறைமை, உள்நாட்டு விசயம், சபையில் எடுக்க ஏலாது, அப்பத்தான் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வந்தது. மாமியார் உடைச்சால் மண்குடம், மருமகள் உடைச்சால் பொன்குடம், தாங்கள் போக வேணும் எண்டால் சட்டம் மண்குடம், எங்களுக்காகப் போக வேணும் எண்டால் உடனை பொன்குடம். பங்குனியில் ஒரு நாள் அங்கே யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்த வதனி எடுத்தாள், ஆரோ ஒருத்தரின் சற்றலைற் போன், இரண்டு நிமிசம், பின்னால் ஷெல் விழுகிறது. அக்கா, கொஞ்சப் பேர் இரவிலை ஏரியைக் கடந்து போகினம், நாங்களும் போறதோ, நிக்கிறதோ, ஆரும் வருவினமோ? இவள் சொன்னாள். வருவினம் வதனி, கப்பல் வருதாம், இஞ்சை எல்லாரும் கதைக்கினம், ரெண்டு நாள் பொறு. ரெண்டு நாள் பொறு. வதனி பொறுத்தாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அந்தப் பதினைஞ்சு வயசு வாயாடி எப்போது சொன்ன சொல் கேட்கிற பிள்ளையானாள் என்று தெரியாது.

அந்த இடத்துக்கு வந்தால் கமலாசனியின் யோசனை எப்போதும் சிக்கிக்கொண்டு நிற்கும், முன்னுக்கும் போகாது பின்னுக்கும் போகாது, வேலிக் கம்பியில் கொழுவின சீலை மாதிரி. இழுத்தால் கிழியும். வந்தவன் ஐயாவைக் கொண்டுபோனான், வராதவன் தங்கச்சியைக் கொண்டுபோனான். இப்ப சொல்லு, படை போகலாமோ, போகக்கூடாதோ? முந்தாநாள் ரீவியில் அந்த நாட்டைக் காட்டினார்கள், இடிஞ்ச சுவருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பிளை, தலையில் துணி, கையில் ஒரு வெறும் வாளி, கமெராவைப் பார்த்துக் கத்தினாள். பாசை விளங்கவில்லை, கத்தினது விளங்கியது. வா என்கிறாள். அந்தச் சத்தம் இவளுடைய சத்தம். அவளுக்குப் போய், தங்கச்சி, சாசனத்திலை இடமில்லையடி என்று சொல்ல ஏலுமோ? ஆரணி சொல்லுவாள், அவள் கட்டாயம் சொல்லுவாள், அவளுக்கு வயசு இருபத்தாறு. இவளால் ஏலாது. ஆனால் மூண்டு மாசம் எண்டு போய்ப் பன்னிரண்டு வருசம் இருந்த மனுசனை அந்த வாளிக்காரியின் வாசலில் கொண்டுபோய் விடுறதுக்கு வதனியின் முகத்தைக் கொடுக்கிறதோ? நீ ஆரடி கொடுக்கிறதுக்கு? வதனி மாட்டன் என்றாளோ ஓம் என்றாளோ உனக்குத் தெரியுமோ? ஐயா சொன்ன நெருப்புக் கதையின் ஓட்டை இஞ்சைதான் இருக்கு, கமலாசனிக்கு மெல்ல மெல்ல வெளித்தது, அரிசி ஒட்டின கையோடு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலி பாயலாம். பாய வேணும். பாயாதவன் மனுசனில்லை. ஆனால் நெருப்பு அணைஞ்சு நூர்ந்த பிறகு அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு தன்ரை வீட்டுக்குப் போக வேணும். விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, சாவி எங்கை எண்டு கேக்கக்கூடாது. ஐயா பாய்கிறதைப் பற்றிச் சொன்னார், போகிறதைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா கேட்க விடவில்லை. சாசனமும் வராதே என்கிறது, ஜெனரலும் வருவேன் என்கிறார், ஒருத்தராவது போகிறதைப் பற்றிக் கதைக்கினமோ? வீட்டுக்காரியிட்டை ஒரு வார்த்தை கேக்கினமோ? அவள் தேங்காயை எடுத்துக் குடத்தில் வைத்தாள், அது இருந்தது.

"அக்கா, ஜெனரல் சந்தி லைற்றடியிலை நிக்கிறாராம், தட்டைத் தூக்குங்கோ," குலசிங்கம் மூச்சிரைக்க வந்தார். சந்தனம், குங்குமம், பன்னீர்ச்செம்பு எல்லாம் தட்டில் தயாராய் இருந்தன. "படம்? படத்தைத் தாங்கோ, நான் ஓடிப்போய் வைச்சிட்டு வாறன்." கமலாசனி பையை உடம்போடு அணைத்துக்கொண்டாள். "தம்பி, மேடையிலை என்னைப் பற்றி என்ன சொல்லப்போறீர்?" "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ரெண்டாயிரத்து ஒன்பது, வதனி, அந்தப் போன், அவ்வளவுதான். மற்றது..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எண்பத்தேழு கதை மட்டும் வேண்டாம் அக்கா. உங்கடை ஐயாவின்ரை கதை. இண்டைக்கு அது பொருந்தாது. சனம் குழம்பிப்போகும்." "குழம்பட்டுமன்." "அக்கா, பிளீஸ்." "நான் நாற்பது வருசமாக் குழம்பிப்போய்த்தானே இருக்கிறன், அவையும் ஒரு பின்னேரம் குழம்பட்டும். என்ர ஐயாவை வாசலிலை விட்டிட்டு என்ர தங்கச்சியை மட்டும் உள்ளை கொண்டு வா எண்டுறீரோ? ஒரு வீட்டுப் பிள்ளையள் தம்பி. வந்தால் ரெண்டு பேரும் வருவினம்." குலசிங்கத்தின் கண் சிவந்தது. "அண்டைக்கு ஆரேன் வந்திருந்தால் என்ரை அண்ணன் இருந்திருப்பான் அக்கா," என்றார், மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது, கதிரைகளில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. "ஓம் தம்பி. இருந்திருப்பான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றாள் கமலாசனி, உண்மையாகத்தான் சொன்னாள். பயமாயும் இருந்தது, இந்த ஊரில் இந்தச் சங்கத்தைப் பகைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு செத்த வீட்டுக்குக்கூடப் போக ஏலாது, கேவலமாய்ப் பார்ப்பார்கள், தங்கச்சியைக்கூடக் கொடுக்காத அக்கா என்பார்கள். சொல்லட்டும். சொல்லிப்போட்டுப் போகட்டும்.

கறுத்தக் கார் வந்து நின்றது. உயர்ந்த மனுசன், நரைத்த தலை, நேரான முதுகு, நல்ல முகம் என்றுதான் சொல்ல வேணும், சிரித்தபோது கண்ணும் சிரித்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிறைகுடத்துக்கு அங்கால் நின்றார், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இரண்டு கையையும் கூப்பி வணக்கம் என்றார். மேளம் தொடங்கியது. கமலாசனி தட்டை நீட்டினாள். அவர் ஒரு விரலால் சந்தனத்தைத் தொட்டார், என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டார், அந்த விரலைப் பார்த்தபோது மோர்ச் செம்பைப் பிடித்த விரல்கள் நினைவு வந்தன. தொடையில் யாரோ கிள்ளியது போல் இருந்தது. கிள்ளு அம்மா. நல்லாக் கிள்ளு. முப்பது வருசம் வயோதிபர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழடுகளைக் குளிப்பாட்டிப் பழகிய இங்கிலீசு அவளுடையது, பயமில்லாத இங்கிலீசு, அதில் கேட்டாள். "ஐயா, எப்ப போவியள்?"

மேளக்காரர் நிறுத்திவிட்டார். குலசிங்கம் ஐயோ என்றார். வாசலுக்கு வந்த ஆளைப் பார்த்து ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை கேட்கக் கூடாத கேள்வி, நானூறு சனத்துக்கு முன்னால் கேட்டாச்சு. ஜெனரல் குனிந்து, மரியாதையாகத்தான், கேட்டார். "இந்தக் கூட்டத்திலிருந்தா, அம்மா?" "இல்லை. அந்த நாட்டிலையிருந்து. போறியள் எண்டுதானே கையெழுத்து வாங்க வந்தனீங்கள். போய், எப்ப திரும்பி வருவியள்?" அவர் மெல்லச் சிரித்தார். "நாங்கள் இன்னும் உள்ளேயே போகவில்லையே." "அதுதான் இப்ப கேக்கிறன்," என்றாள் கமலாசனி. "உள்ளை வந்தாப் பிறகு கேக்க ஏலாது. கேக்கப் போன என்ர ஐயா திரும்பி வரேல்லை." சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போனது. "வேலை முடிந்ததும் வருவோம்," என்றார். "முடிஞ்சுது எண்டு ஆர் சொல்லுறது? நீங்களோ, அந்த வீட்டுக்காரியோ?" அவர் சந்தனம் பட்ட விரலைப் பார்த்தார், பன்னிரண்டு வருசம் இருந்த மனுசனுக்கு அந்தக் கேள்வி புதிதாய் இருந்திருக்கும், அல்லது நல்லாய்த் தெரிந்திருக்கும். குலசிங்கம் ஓடிவந்து அவருடைய முழங்கையைப் பிடித்து, வாங்கோ சேர், வாங்கோ சேர் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கமலாசனி பன்னீர்ச்செம்பை எடுத்துப் பின்னால் வந்தவர்களுக்கும் தெளித்தாள், வந்தவர்கள் வந்தவர்கள்தானே, அதில் குறை வைக்கக்கூடாது. பிறகு தட்டை நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுப்பாதையால் நடந்து போய், முதல் வரிசையில், நேரே அந்த வெறும் தாங்கிக்கு முன்னால் இருந்தாள். மேடையில் குலசிங்கம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "அக்கா, படம்?" ஜெனரலும் மேடையில் இருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கமலாசனி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி இஞ்சை என்ர மடியிலை இருக்கிறாள், தம்பி. அவர் மறுமொழியைச் சொல்லட்டும். ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருக்கிறம்."